மீகாமன் எங்கே?

ஓட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் ரீச்சர் கேட்ட முதல் கேள்வி, "மணிமேகலை எங்க?"

2023 ஏப்ரல் முடிகிற நேரம். பொன்னியின் செல்வன் இரண்டாவது படம் 28ஆம் தேதி வெளியாகியிருந்தது. மட்டக்களப்பு நகரத்தில் இரவுக் காட்சி பார்த்துவிட்டு, கல்லடிப் பாலம் கடந்து ஆரையம்பதிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டோ ஓட்டிய தம்பியும் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவன்தான். "எந்த மணிமேகலை ரீச்சர்?" என்று கேட்டான். அவன் படம் மட்டும் பார்த்தவன். ரீச்சர் அந்த நாவலைத் தன் பதினேழு வயதில் வாசித்து, பிறகு இரண்டு தடவை முழுதாக வாசித்தவர். கந்தமாறனின் தங்கை மணிமேகலை, வந்தியத்தேவன் மேல் உயிரையே வைத்திருந்த பெண், படத்தில் இல்லவே இல்லை. நாவலின் கடைசிப் பக்கங்களை நினைத்தால் ரீச்சருக்கு வருகிற கண்ணீர் அவளுக்கானது. அவள் இல்லாமல் கதையை முடித்துவிட்டார்களே என்று காத்தான்குடி தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். தம்பி கடைசியில் மெதுவாகச் சொன்னான்: "எனக்கு ஒண்டும் குறையிற மாதிரித் தெரியல்ல ரீச்சர்."

அந்த இரண்டு பேச்சும்தான் இந்த ஆய்வுக்குக் காரணம். ஒரே படம், ஒரே இரவு, ஒரே ஓட்டோ. ஒருவருக்கு ஒரு பெண்ணே காணாமற்போயிருந்தாள், மற்றவருக்கு எதுவும் காணாமற்போகவில்லை. நூலுக்குப் படம் ஈடாகுமா என்ற கேள்வியை ஊரூராகப் பேசித் தேய்த்துவிட்டோம். எங்கள் சின்ன வட்டத்தில் அது எட்டு மாதத்தில் எப்படியெல்லாம் உருமாறியது என்பதை, நடந்தது நடந்தபடி எழுதிவைக்க விரும்புகிறேன்.

வட்டமும் புத்தகங்களும்

நாங்கள் பதினொரு பேர். ஞாயிறு பின்னேரம் ஒரு வாசிகசாலையின் பின்னறையில் கூடுவோம். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவர், அவர்தான் ரீச்சர். வாவியில் தொழில் செய்கிற ஒருவர், அவரை எல்லாரும் மாமா என்போம். காத்தான்குடியில் சின்னப் புத்தகக் கடை வைத்திருக்கும் ஒருவர், எங்களுக்கு நானா. உயர்தரத்தில் தமிழ் படிக்கும் ஒரு பிள்ளை. நாடகம் படிக்கும் ஒரு மாணவன். ஓட்டோத் தம்பி. மற்றவர்கள் வருவார்கள், விடுவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கூட்டத்தைக் கூட்டுவதும் கொப்பியில் குறிப்பெடுப்பதும் என் வேலை.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தியாவிலிருந்து வரும் புத்தகத்தின் விலை கையைச் சுட்டது. ஐந்து பாகங்களிலும் எங்களிடம் இருந்தது ஒவ்வொரு பிரதிதான், அதுவும் ரீச்சருடையது. தை மாதம் தொடங்கி அது கைமாறிக் கைமாறிப் போனது. மூன்றாம் பாகம் ஒரு மழை நாளில் என் பையிலேயே நனைந்து ஊதிவிட்டது. ரீச்சரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இடையிடையே பேப்பர் வைத்து, மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் காயவிட்டார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நூலோடு இப்படி உறவு வைத்திருக்கும் ஒருவர் அதன் படத்தைப் பார்க்கப் போகும்போது வெறும் கையோடு போவதில்லை. நனைந்த தாளைப் பிரித்த விரலோடு போகிறார். அவரைச் சமாதானப்படுத்துவது எந்த இயக்குநருக்கும் பெரிய பாடுதான்.

குளக்கட்டில் தொடங்கிய கதை

கல்கி அந்தக் கதையை 1950இல் வாரத் தொடராகத் தொடங்கி 1954இல் முடித்தார். மூன்றரை வருடம், வாரம் ஒரு துண்டு. எம்.ஜி.ஆர். 1958இலேயே அதைப் படமாக்க முயன்றார், நடக்கவில்லை. மணிரத்னம் எடுத்த இரண்டு படங்களும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். மூன்றரை வருடத்தை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கினால் ஆட்களை இறக்கித்தான் ஆக வேண்டும். மணிமேகலை இறங்கினாள். மதுராந்தகன் யார், சேந்தன் அமுதன் யார் என்று நாவல் கடைசியில் அவிழ்க்கும் முடிச்சும் போனது. நாவலில் சேந்தன் அமுதனே உத்தம சோழனாக அரியணை ஏறுகிறான். படத்தில் மதுராந்தகனே ஏறுகிறான். இந்தப் பட்டியலை எங்கள் பிள்ளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். முப்பது விஷயத்துக்கு மேலே இருந்தது.

அதை வாசித்து முடித்தபோது மாமா ஒன்று சொன்னார். மாமாவுக்குச் சிறு எழுத்து வாசிக்கக் கண் பிடிப்பதில்லை. ரீச்சர் வாசிக்க, அவர் கேட்பார். முதல் அத்தியாயத்தை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். "ஆள் விட்டதெல்லாம் சரி புள்ள. குளக்கட்ட ஏன் விட்டான்?" என்றார்.

நாவல் ஓர் ஏரிக்கரையில் தொடங்குகிறது. ஆடிப்பெருக்கு நாள். வீரநாராயண ஏரியின் நீண்ட கரைமேல் வந்தியத்தேவன் தனியாகக் குதிரையில் வருகிறான். எழுபத்து நான்கு கணவாய்களிலும், அதாவது மதகுகளிலும், தண்ணீர் பாய்வதை வாய்பிளந்து பார்க்கிறான். கல்கி நம் தோளில் கைபோட்டு, வாருங்கள் பார்க்கலாம் என்று ஒரு விருந்தாளியைப் போல நம்மை அந்தக் கரைக்கு அழைத்துப்போகிறார். படம் அப்படித் தொடங்கவில்லை. கமல்ஹாசனின் குரல் வரலாறு சொல்கிறது, வால்நட்சத்திரம் தெரிகிறது, ஆதித்த கரிகாலனின் போர்க்களம் வருகிறது. ஆடிப்பெருக்கு அதற்குப் பிறகு ஒரு பாட்டாக வருகிறது.

மாமா சிறுவயதில் உன்னிச்சைக் குளத்துப் பக்கம் வளர்ந்தவர். வான்கதவு திறக்கிற நாளில் குளக்கட்டில் நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவர் கையால் காட்டினார். இரண்டு கையையும் விரித்து, ஒரு பக்கம் நிற்கிற தண்ணீர், மறுபக்கம் ஓடுகிற தண்ணீர், நடுவில் ஒடுங்கின கட்டில் மனிசன். "அதில நிண்டு பார்த்தவன்தான் மறுகா சோழ நாட்டையே பார்ப்பான்" என்றார்.

அன்றைக்கு என் கொப்பியில் எழுதியதை அப்படியே தருகிறேன்: விடுபட்டவர்கள் முக்கியமில்லை, விடுபட்ட கண் முக்கியம். நாவல் முழுவதையும் நாம் வந்தியத்தேவனின் வாய்பிளந்த கண்ணாலும் கல்கியின் குறும்பான கண்ணாலும் பார்க்கிறோம். படம் அந்த இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு, அரண்மனையின் கண்ணை எடுத்துக்கொண்டது. அதனால் படத்தில் நந்தினியும் கரிகாலனும் நாவலை விடக் கனத்து நிற்கிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஐஸ்வர்யா ராயும் விக்ரமும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் நாவலில் எனக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்தது. ஆனால் வழிப்போக்கன் ஒருவனோடு நாடு பார்க்கப் போகிற அந்தச் சந்தோஷம் கிடைக்கவில்லை.

தம்பிக்கு எதுவும் குறையாகத் தெரியாததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவன் அரண்மனைக் கண்ணோடுதான் இந்தக் கதைக்குள் நுழைந்தான்.

வைகாசியில் நடந்தது

இதற்குள் வைகாசி வந்தது. எங்கள் பகுதியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறக்கும் காலம். வருடத்தில் இந்தச் சில நாட்களுக்குத்தான் கதவு திறக்கும். இரவில் கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை என்ற காவியத்தைப் பாடுவார்கள். கடைசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கும், மறுபடி கதவு அடைக்கப்படும். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடக்கவில்லை, எல்லாரும் கோயிலில்.

வேப்பிலை வாசத்துக்கும் சாம்பிராணிப் புகைக்கும் நடுவில் மணலில் உட்கார்ந்திருந்தோம். வழக்குரை பாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் என்ற மாலுமி கப்பலோட்டும் பகுதி. கடல், கப்பல், வெடியரசனோடு சண்டை. உயர்தரத்துக்குச் சிலப்பதிகாரம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை என் பக்கம் திரும்பி, "சேர், இளங்கோவடிகள்ட மீகாமன் எங்க?" என்று கேட்டாள்.

நான் ரீச்சரைப் பார்த்தேன். ரீச்சர் என்னைப் பார்த்தார். அந்த ஓட்டோவில் கேட்ட அதே கேள்வி, தலைகீழாக வந்திருந்தது.

சிலப்பதிகாரத்தில் மீகாமன் பயணம் இல்லை. கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கப் பரல் இருந்தது என்று இளங்கோ சொல்கிறார். அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம், வழக்கு அங்கேதான் தீர்கிறது. அந்த மணி எங்கிருந்து வந்தது என்று அவர் ஒரு கதை சொல்லவில்லை. கண்ணகி வழக்குரை அதைச் சொல்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த மக்கள், மணி என்றால் அது கடல் கடந்துதான் வந்திருக்க வேண்டும் என்று ஒரு கப்பலைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். கண்ணகியையே மாங்கனியில் தோன்றியவளாக மாற்றிவிட்டார்கள். மூல நூலோடு ஒப்பிட்டால் எங்கள் பிள்ளையின் பட்டியல் முப்பதைத் தாண்டி எங்கோ போய்விடும். ஆனால் எங்கள் ஊரில் ஒருவரும், இளங்கோ எழுதினபடி இல்லையே என்று வழக்குரையைக் குறை சொன்னதை நான் கேட்டதில்லை. ரீச்சரே சொன்னதில்லை. கண் கலங்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஏன் என்று அடுத்த கிழமை பேசினோம். நம்பிக்கை, அதுதான் காரணம் என்று நானா சொன்னார். கோயிலில் பாடுவதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள் என்றார். அது சரிதான், ஆனால் முழுவதும் இல்லை என்று எனக்குப் பட்டது. நாடகம் படிக்கும் மாணவன் கூத்தை எடுத்தான். பாரதத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து விடிய விடிய ஆடுகிறார்களே, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் போய் மிச்சப் பாரதம் எங்கே என்று யாராவது கேட்கிறார்களா? கேட்பதில்லை. வடமோடிக் கூத்தில் அருச்சுனன் வரவு எப்படி இருந்தது, தாளக்கட்டு எப்படி இருந்தது என்றுதான் ஆடுகளமான களரியைச் சுற்றி இருந்தவர்கள் மறுநாள் பேசுவார்கள். கதை எல்லாருக்கும் பொதுச் சொத்து. ஆட்டம்தான் அண்ணாவியாருடையது.

இதைக் கேட்ட ரீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப பொன்னியின் செல்வன நான் என்ட சொத்து எண்டு நினைச்சிட்டன் போல" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் நான் அவரை முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு நாவலை ஓர் ஆள் தனியே உட்கார்ந்து எழுதுகிறார், இன்னோர் ஆள் தனியே உட்கார்ந்து வாசிக்கிறார். அந்தத் தனிமையில் பிறக்கிற உரிமை பொய்யில்லை. கூத்துக் கதைக்கு அது இல்லை, நாவலுக்கு இருக்கிறது. படம் எடுப்பவருக்கு இதனால் வரும் சிரமமும் நியாயமான சிரமம்தான்.

வெக்கை

ஆனி, ஆடி இரண்டு மாதமும் பூமணியின் வெக்கையோடு போனது. எட்டு மாதத்தில் மிகவும் பலன் தந்த பகுதி இதுதான். நாவல் 1982இல் வந்தது, சின்னப் புத்தகம். கரிசல் காட்டில் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிறான். கையை மட்டும் வெட்டத்தான் நினைத்திருந்தான், ஆள் செத்துப்போகிறான். பிறகு தகப்பனும் மகனும் சில நாட்கள் காட்டிலும் மலையிலும் மறைந்து திரிகிறார்கள். அவ்வளவுதான் கதை. வெற்றிமாறன் அதை 2019இல் அசுரன் ஆக்கினார்.

இந்த முறை நான் ஒரு மாற்றம் செய்தேன். பாதிப் பேரை முதலில் நாவல் வாசிக்கச் சொன்னேன், பாதிப் பேரைப் படம் பார்க்கச் சொன்னேன், பிறகு மாறிக்கொள்ளச் சொன்னேன். படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்த தம்பி முதல் கிழமையே குழம்பிப்போனான். "தனுஷ் எங்க சேர்? தகப்பன் ஒண்டும் பெரிசாச் செய்யிறாரே இல்ல" என்றான். படத்தில் தகப்பன் சிவசாமிதான் எல்லாம். அவருடைய இளமைக் காலம், செருப்புப் போட்டதற்கு நடந்த அவமானம், தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், எரிந்த குடிசைகள் என்று ஒரு பெரிய கடந்த காலம் படத்தின் நடுவில் எழுந்து நிற்கிறது. நாவலில் அது இல்லை. நாவல் சாதியின் பெயரைக்கூட உரக்கச் சொல்வதில்லை. பையனின் தோளுக்கு மேலே இருந்து பார்க்கிறது: அய்யா எங்கே படுக்கிறார், எதைப் பறித்துத் தருகிறார், எப்போது சும்மா இருக்கிறார்.

அதாவது வெற்றிமாறன் கண்ணை மாற்றினார், தெரிந்தே மாற்றினார். பையனிடமிருந்து எடுத்துத் தகப்பனுக்குக் கொடுத்தார். கண் மாறியதும் கதைக்கு வேறு கேள்வி வந்துவிட்டது. நாவல், கொலை செய்த ஒரு பிள்ளை தகப்பனின் அன்பை எப்படிக் கண்டுகொள்கிறான் என்று பார்க்கிறது. படம், ஒருமுறை எல்லாவற்றையும் இழந்த தகப்பன் இன்னொரு முறை இழக்காமல் இருக்க எவ்வளவு பணிவான் என்று கேட்கிறது. இரண்டுமே முழுமையான கேள்விகள். அதனால் அசுரன் நூலின் நிழலில் நிற்கவில்லை என்பது என் தீர்ப்பு. அதற்காக இழந்ததை இழக்கவில்லை என்று சொல்லவும் மாட்டேன். படத்தின் கடைசியில் தகப்பன் மகனுக்குப் படிப்பைப் பற்றிச் சொல்லும் பேச்சு எல்லாரும் கைதட்டிய பேச்சு. நாவலின் அய்யா அப்படிப் பேசவே மாட்டார். அவருடைய பேச்சில்லாத அக்கறைதான் அந்தப் புத்தகத்தில் எனக்கு உயிர்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நாவல் முதலில் வாசித்தவர்களில் ஒரு தாய் இருந்தார். போர்க்காலத்தில் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இரவில் ஒளித்துத் திரிந்தவர். அசுரன் தொடங்கும்போது, நிலவு வெளிச்சத்தில் தகப்பனும் மகனும் தண்ணீருக்குள் இறங்கி நடந்து போகிறார்கள். அந்த இடத்தில் அவர் எழும்பி வெளியே போய்விட்டார். நான் பின்னால் போனேன். "புத்தகத்தில வாசிக்கேக்குள்ள நான் அந்தப் பையனுக்குத் தாயா இருந்தன் தம்பி. இதில நானே தண்ணிக்குள்ள நிக்கிறன்" என்றார். மிச்சத்தை அவர் பார்க்கவில்லை. நாவலை மட்டும் திரும்ப எடுத்துப்போனார். நூலின் வழியே ஒரு கதையை நம்மால் எவ்வளவு தூரத்தில் வைத்துக்கொள்ள முடிகிறது, படம் எவ்வளவு கிட்டக் கொண்டுவந்துவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

மிச்ச இரண்டும்

சிற்றன்னையும் உதிரிப்பூக்களும் ஒரே கூட்டத்தில் முடிந்தன. புதுமைப்பித்தன் கதையை எடுத்துக்கொண்டு 1979இல் மகேந்திரன் எடுத்த படம், மூலத்திலிருந்து மிகத் தூரம் போய்விட்டது. இருந்தும் நன்றியோடு புதுமைப்பித்தன் பெயரைப் போட்டிருக்கிறார். தாயில்லாத இரண்டு பிள்ளைகள், அவர்களைச் சுற்றியுள்ள பெரியவர்களின் உலகம், இந்த விதையை மட்டும் எடுத்தார். ரீச்சர் இம்முறை பட்டியல் கேட்கவில்லை. "இது வழக்குரை மாதிரி" என்றார், அவ்வளவுதான். மாணவன் சிங்களப் பக்கத்துக்குப் போனான்: மார்ட்டின் விக்கிரமசிங்கவின் கம்பெரலிய 1944 நாவல், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் படமாக்கி, டெல்லி விழாவில் தங்க மயில் விருது வாங்கிய கதை. நம் பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டான்.

இருக்கிறது. செங்கை ஆழியானின் வாடைக்காற்று நாவல் 1978இல் இலங்கையிலேயே படமாகியது. நெடுந்தீவுக் கரையில் வாடி என்கிற தற்காலிகக் குடில் போட்டு, பருவத்துக்கு மீன்பிடிக்க வருகிறவர்களின் கதை. படத்தை நாங்கள் பல இடத்தில் தேடினோம், எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது உண்மையாகவே வலித்தது. சோழர் கதையின் படம் எங்கள் கைபேசியில் இருக்கிறது. எங்கள் கடலின் கதையைப் படமாக எடுத்தவர்கள் பட்ட பாட்டை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட முடியவில்லை. அதனால் நாவலை மட்டும் உரக்க வாசிக்கத் தொடங்கினோம்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முதல் நாளே மறித்தார். அங்கே வாடை தொடங்கினால் தொழில் தொடங்குகிறது, இங்கே வாடை தொடங்கினால் கடல் கொந்தளித்துத் தோணி கரைக்கு ஏறிவிடும், காற்று ஒன்றுதான், கரை வேறு என்றார். அப்போது பிள்ளை கேட்டாள்: "மாமா, நீங்க படம் எடுத்தா இதை எப்பிடிக் காட்டுவீங்க?"

மாமா நிறைய நேரம் யோசித்தார். "காத்தப் படம் பிடிக்க ஒண்ணா புள்ள. கரையில காயப்போட்ட வலையக் காட்டு. மறுகா, அத இழுத்துப் பிடிக்கிற பொம்பிளட கையக் காட்டு."

அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். நாவலின் ஓர் அத்தியாயத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்து, யார் கண்ணால் பார்ப்பது என்று ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருந்தாள். ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கத்தையும் வாசித்தார். இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழை திருத்தினார். கடைசிக் காட்சிக்குப் பக்கத்தில் எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார். அதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று இருட்டும்வரை அந்தப் பெயரைப் பற்றித்தான் பேச்சு. தம்பி ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணி வாசலில் நிறுத்திய பிறகும் இருவரும் எழும்பவில்லை.